எலும்பும் குருத்தெலும்பும் விசைக்கு எப்படி வளைந்து கொடுக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் வலி என்றால் "நடக்காதீர்கள்" என்கிறோம். எலும்பு அடர்த்தி குறைவு என்றால் "கனமாக எதையும் தூக்காதீர்கள்" என்கிறோம். அக்கறையோடு சொல்லப்படும் இந்த இரண்டு அறிவுரைகளும் பல நேரம் கெடுதலே செய்கின்றன. எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் மூன்றும் தங்கள் மேல் விழும் விசையைப் பார்த்துத்தான் வளர்கின்றன. அது நின்று போனால் மெலிகின்றன. எந்த வயதில், எந்தத் திசுவுக்கு, எவ்வளவு விசை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வளர்ந்து முடிந்த எலும்பு இனி மாறாது என்றுதானே படித்திருக்கிறோம்?

நீளம் கூடாது, அவ்வளவுதான். மற்றபடி எலும்பு ஆயுள் முழுக்கத் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரிக்கின்றன. பின்னாலேயே ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் வந்து புதியதைப் படிய வைக்கின்றன. ஓரிடத்தில் அரிப்பு முடியச் சில வாரங்கள், அந்தப் பள்ளம் நிரம்பச் சில மாதங்கள் ஆகும். வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதிதாகிறது.

எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்ற முடிவில் ஹார்மோனுக்கும் சத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் இடத்தைக் குறித்துக் கொடுப்பது விசைதான். ரத்தத்தில் ஓடும் கால்சியத்துக்கு வலது கை எது, இடது கை எது என்று தெரியாது.

இதை முதலில் கவனித்தது யார்?

1866-ல் சூரிச்சில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூறியலாளர் தொடை எலும்பின் மேல் முனையை நெடுக்காக அறுத்துக் காட்டினார். உள்ளே இருந்த மெல்லிய எலும்பு இழைகள் தாறுமாறாகக் கிடக்கவில்லை. வளைந்த கோடுகளாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு, ஒரு ஒழுங்கோடு ஓடின. பொறியியல் பேராசிரியர் கார்ல் குல்மான் அதைப் பார்த்தார். கிரேனின் வளைந்த கையில் அழுத்தமும் இழுப்பும் பாயும் வழிகளைக் காட்டத் தாம் வரையும் கோடுகளே அங்கேயும் இருப்பதைச் சொன்னார். பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வுல்ஃப் 1892-ல் இதை ஒரு விதியாக எழுதினார்: விசை மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் வெளி வடிவமும் மாறும். கணிதத் துல்லியத்தோடு மாறும் என்று அவர் நம்பியதை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. அடிப்படை எண்ணம் நிற்கிறது.

அமெரிக்க மருத்துவர் ஹரால்டு ஃப்ராஸ்ட் 1987-ல் அதற்கு 'மெக்கானோஸ்டாட்' என்று ஒரு செயல்முறை வடிவம் கொடுத்தார். குறித்த வெப்பத்தைத் தாண்டினால் ஓடி, குறைந்தால் நிற்கும் ஏசியைப் போல, எலும்புக்கும் கீழ், மேல் என வரம்புகள் உண்டு என்பது அவர் கருத்து. விசையால் எலும்பில் வரும் உருமாற்றம் கீழ் வரம்பைவிடக் குறைந்தால் எலும்பு தன்னைக் குறைத்துக்கொள்ளும். மேல் வரம்பைத் தாண்டினால் சேர்த்துக்கொள்ளும். நடுவில் இருந்தால் பராமரிப்பு மட்டும் நடக்கும்.

கல் போன்ற எலும்புக்குள் இருக்கும் செல்லுக்கு விசை எப்படித் தெரியும்?

இந்தத் துறையிலேயே அழகான பகுதி இதுதான். நாம் வேகமாக நடக்கும்போது கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு தோராயமாக ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு உருமாறுகிறது. 40 செ.மீ. நீளமுள்ள எலும்பு அரை மில்லிமீட்டர்கூடச் சுருங்காது. சோதனைக்கூடத்தில் தட்டில் வளர்த்த எலும்புச் செல்களை இந்த அளவுக்கு இழுத்தால் அவை அசைந்து கொடுப்பதே இல்லை. பதில் வர வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு இழுக்க வேண்டும். அந்த அளவுக்கு உடலுக்குள் இழுத்தால் எலும்பே முறிந்துவிடும்.

அப்படியானால் செல் எதை உணர்கிறது? எலும்புச் செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஆஸ்டியோசைட்கள். எலும்புக்குள்ளேயே சிறு அறைகளில் அடைபட்டு, முடியைவிடப் பன்மடங்கு மெல்லிய கால்வாய்கள் வழியாகக் கைகளை நீட்டி ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. அந்தக் கால்வாய்களில் திரவம் நிறைந்திருக்கிறது. எலும்பு சற்றே வளையும்போது அழுத்தம் விழும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குத் திரவம் ஓடுகிறது. காலைத் தூக்கியதும் திரும்புகிறது. எலும்பில் நடக்கும் சின்னஞ்சிறு மாற்றம் இந்தத் திரவ ஓட்டத்தால் செல்லின் பரப்பில் பெரிதாகிறது. வைன்பாமும் கோவினும் 1994-ல் முன்வைத்த இந்த விளக்கமே இன்று பரவலாக ஏற்கப்படுகிறது.

விசை வந்த இடத்தில் ஆஸ்டியோசைட்கள் ஸ்கிளெரோஸ்டின் என்ற புரதம் சுரப்பதைக் குறைக்கின்றன. இந்தப் புரதம் எலும்பு உருவாவதைத் தடுக்கும் பிரேக். பிரேக் தளர்ந்த இடத்தில் மட்டும் புது எலும்பு படிகிறது. விசை இல்லாத இடத்தில் ஸ்கிளெரோஸ்டின் கூடுகிறது, அரிக்கும் செல்களை அழைக்கும் சமிக்ஞையும் கூடுகிறது.

அப்படியென்றால் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு எலும்பு பலமாக இருக்க வேண்டுமே?

இருக்காது. எலும்பு எடைக்குப் பதில் சொல்வதில்லை, எடை மாறுவதற்குத்தான் பதில் சொல்கிறது. அசையாத சுமை எவ்வளவு நேரம் இருந்தாலும் திரவம் ஓடாது. விலங்குகளில் நிலையான சுமையை வைத்துப் பார்த்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின: விட்டுவிட்டு வரும் சுமைக்குப் புது எலும்பு வந்தது, நிலையான சுமைக்கு வரவில்லை.

எத்தனை முறை வேண்டும் என்பது இன்னும் வியப்பானது. ரூபினும் லான்யனும் 1984-ல் ஒரு பறவையின் இறக்கை எலும்பை இயல்பான அசைவுகளிலிருந்து பிரித்து, வெளியிலிருந்து சுமை கொடுத்தார்கள். சுமையே இல்லாத எலும்பு மெலிந்தது. நாளுக்கு வெறும் 4 சுற்று கொடுத்ததும் மெலிவு நின்றது. 36 சுற்றில் எலும்பு கூடியது. 1800 சுற்றுக்கு ஏற்றியபோது 36-க்குக் கிடைத்ததைவிட அதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. செல்கள் சீக்கிரமே பழகிப்போகின்றன; உணர்திறன் திரும்பச் சில மணி நேர இடைவெளி வேண்டும். எலிகளில் 360 சுமைச் சுற்றுகளை ஒரே மூச்சில் கொடுத்ததைவிட, நான்காகப் பிரித்து இடைவெளி விட்டுக் கொடுத்தபோது பலன் அதிகமாக இருந்தது.

சுருக்கமாக, எலும்புக்குப் பிடித்தது பலமான, வேகமான, சில தடவை மட்டும் வரும், திசை மாறும் விசை. குதித்தல், படியேறி இறங்குதல், பளு தூக்குதல் எல்லாம் அந்த வகை. ஒரு மணி நேரம் ஒரே சீராக நடப்பது இதயத்துக்கு மிக நல்லது. எலும்புக்கு முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு புதிதாக எதுவும் சொல்வதில்லை.

கருவில் இருக்கும் குழந்தைக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், அதுவும் மிக ஆரம்பத்திலேயே. கரு உதைப்பதும் புரள்வதும் மூட்டுகள் உருவாவதற்குத் தேவை. தசைகள் செயல்படாதபடி செய்த கோழிக் கருக்களில் எலும்புகளுக்கு இடையே மூட்டுக் குழி சரியாகப் பிரியாமல் ஒட்டிக்கொண்டன. தசை உருவாகாத எலிக் கருக்களில் மேற்கை எலும்பில் தோள் தசை பற்றும் மேடு வளராமல் போனது. மனிதர்களிலும் நோயால் அசைவு மிகக் குறைந்த கருக்கள் மெலிந்த எலும்போடும் இறுகிய மூட்டுகளோடும் பிறக்கின்றன.

குழந்தையின் கால் வளைந்திருக்கிறது. இது தானாகச் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகும். பிறக்கும்போது கால்கள் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருப்பது இயல்பு. ஏறத்தாழ இரண்டு வயதில் நேராகும். மூன்று, நான்கு வயதில் எதிர்ப்பக்கம் போய் முழங்கால்கள் ஒன்றையொன்று தொடும். ஏழு வயதுக்குள் பெரியவர்களின் வடிவத்துக்கு வந்துவிடும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வளைவு வயதோடு கூடிக்கொண்டே போனாலோ, குழந்தை உயரம் குறைவாக இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தானாக எப்படிச் சரியாகிறது? எலும்பின் முனையில் இருக்கும் வளர்தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டையில்தான் நீளம் கூடுகிறது. ஹூட்டரும் ஃபோல்க்மானும் 1862-ல் சொன்ன விதிப்படி, இந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் அழுத்தம் அளவுக்கு மீறி நீடித்தால் அந்தப் பக்கம் மெதுவாக வளரும். அழுத்தம் குறைந்த பக்கம் வேகமாக வளரும். இயல்பான, விட்டுவிட்டு வரும் அழுத்தமோ வளர்ச்சிக்குத் தேவை. சீக்கிரம் நடக்கத் தொடங்கி, உடல் எடையும் மிக அதிகமாக உள்ள சில குழந்தைகளுக்குக் கீழ்க்கால் எலும்பின் உட்பக்கத் தட்டு நசுங்கி, வளைவு நேராகாமல் கூடிக்கொண்டே போவதும் உண்டு.

இதே விதியை மருத்துவர்கள் சிகிச்சையாகவும் பயன்படுத்துகிறார்கள். வளைவு மீதமிருந்தால், வளர்ச்சி முடியாத வயதில், வளர்தட்டின் ஒரு பக்கத்தில் சிறு உலோகப் பட்டையை இரண்டு திருகுகளால் பொருத்துகிறார்கள். அந்தப் பக்கம் தடுக்கப்பட, மறுபக்கம் வளர்ந்து கால் நேராகிறது. பிறகு பட்டையை எடுத்துவிடலாம். எலும்பை அறுக்கவே வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிறந்த குழந்தையின் தொடை எலும்பு முழங்காலிலிருந்து செங்குத்தாக மேலே போகும். நடக்க ஆரம்பித்த பிறகு மெல்ல உள்நோக்கிச் சாய்ந்து, நம் எல்லோருக்கும் இருக்கும் கோணத்துக்கு வரும். நோய் காரணமாக ஒருபோதும் நடக்காத குழந்தைகளுக்கு அந்தக் கோணம் உருவாவதில்லை. 1974-ல் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் கிடைத்த 'லூசி' என்ற ஆதி மனித முன்னோடியின் எலும்புக்கூட்டில், தொடை எலும்பில் அந்தச் சாய்வு இருக்கிறது. அவள் இரண்டு கால்களில் நடந்தவள் என்பதற்கான சான்றுகளில் அது ஒன்று. சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தை நடை பழகியதன் தடம் எலும்பில் பதிந்து நிற்கிறது.

சிறுவயதில் விளையாடினால் முதுமையில் உதவுமா?

உதவும், ஒரு திருத்தத்தோடு. தொழில்முறை டென்னிஸ் வீரர்களை 1977-ல் எக்ஸ்ரேயில் அளந்தபோது, ராக்கெட் பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மறு கையைவிட ஆண்களுக்கு சுமார் 35 சதவீதமும் பெண்களுக்கு சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது. ஒரே ஆள், ஒரே மரபணு, ஒரே சாப்பாடு. கை மட்டும் வேறு. பருவமடைவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ விளையாடத் தொடங்கிய பெண்களுக்கு இந்த வித்தியாசம், பின்னாளில் தொடங்கியவர்களைவிட 2 முதல் 4 மடங்கு இருந்ததாக 1995-ல் ஒரு ஆய்வு காட்டியது.

காரணம் இடம். வளரும் வயதில் எலும்பு வெளிப்பக்கம் தடிக்கிறது. குழாயின் விட்டம் சற்றே கூடினாலும் வளைவைத் தாங்கும் வலிமை வெகுவாகக் கூடும். வயதானபின் எலும்பு உள்பக்கத்திலிருந்து அரிபடுகிறது. வெளியே சேர்ந்த வடிவம் அப்படியே நிற்கிறது. பேஸ்பால் வீரர்களின் எறியும் கையை ஆராய்ந்த 2014 ஆய்வில், விளையாட்டை விட்ட பிறகு கூடுதல் எலும்பு நிறை கரைந்து போயிருந்தது. ஆனால் கூடுதல் பருமனில் பாதியும் கூடுதல் வலிமையில் மூன்றில் ஒரு பங்கும் ஆயுள் முழுக்க நீடித்தன.

என்னைக் கேட்டால், பள்ளியில் விளையாட்டு நேரத்தைப் பிடுங்கிப் பாடத்துக்குக் கொடுப்பது ஒரு தலைமுறையின் இடுப்பு எலும்பிலிருந்து கடன் வாங்குவது.

ஓடினால் முழங்கால் தேயுமா?

ஆரோக்கியமான முழங்காலில், மிதமாக ஓடினால், தேயாது. 2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும், போட்டி வீரர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஓடுபவர்கள் பொதுவாக ஒல்லியாக இருப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எப்படியிருந்தாலும், மிதமாக ஓடுபவர்களைப் பொறுத்தவரை, 'ஓட்டம் முழங்காலைத் தின்னும்' என்ற பேச்சுக்கு அதில் ஆதாரம் இல்லை.

குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதன் எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். கால் ஊன்றும்போது சிறிது தண்ணீர் பிதுங்கி வெளியேறும், தூக்கும்போது திரும்ப உள்ளே போகும். பாரத்தின் பெரும் பகுதியை அந்த நேரத்தில் தண்ணீரின் அழுத்தமே தாங்குகிறது. செல்களுக்குச் சத்து போய்ச் சேரவும் இந்த ஓட்டம் உதவுகிறது. கால் அசையாமலே கிடந்தால் குருத்தெலும்பு மெலிகிறது. தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களின் முழங்காலில் ஒரே ஆண்டுக்குள் இதை ஸ்கேனில் அளக்க முடிகிறது.

எலும்பிலிருந்து குருத்தெலும்பு மாறுபடுவது ஒரு விஷயத்தில். தன்னைப் புதுப்பிக்கத் தெரிந்தது எலும்பு. குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜன் இழைகள் வளர்ச்சிக் காலத்தில் உருவானவை. பிறகு மாற்றப்படுவதே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் அடிபட்டுக் கிழிந்த மூட்டிலும், ஜவ்வு அறுந்து ஆட்டம் கண்ட மூட்டிலும் கதை வேறு. அங்கே விசை புதிய இடத்தில், பழக்கமில்லாத கோணத்தில் விழுகிறது. அப்படிப்பட்டவர்கள் ஓடுவதற்கு முன் தொடைத் தசையைப் பலப்படுத்தியே ஆக வேண்டும். உடல் எடையும் அப்படித்தான்: 2005-ல் வந்த ஆய்வின்படி ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

தசைநாணும் இப்படித்தானா?

தசையை எலும்போடு கட்டும் தசைநாணின் நடுப்பகுதி, 17 வயதுக்குப் பிறகு ஏறத்தாழ புதுப்பிக்கப்படுவதே இல்லை. இதைக் கண்டுபிடித்த விதம் அபாரம். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடி, பிறகு மெல்லக் குறைந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் குதிகால் தசைநாணில் அந்தக் கார்பனை அளந்தார்கள். ஒவ்வொருவர் தசைநாணும் அவர் பதின்வயது வரை வளர்ந்த காலத்தின் அளவையே வைத்திருந்தது. அதனால் தசைநாணுக்குப் பயிற்சி கொடுக்கும்போது பொறுமை வேண்டும். தசை சில வாரங்களில் பலமாகிவிடும். தசைநாண் மாதங்கள் எடுக்கும்.

வயதானால் சரியாக என்ன மாறுகிறது?

மூன்று மாற்றங்கள் சேர்ந்து வருகின்றன. ஆஸ்டியோசைட்கள் இறந்து அவற்றின் அறைகள் காலியாகின்றன, அதனால் விசையை உணரும் ஆள் குறைகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அரிப்பு நிரப்புதலை முந்துகிறது. விசைக்கு எலும்பு தரும் பதிலும் மந்தமாகிறது. தசை குறைவதால் விசையே குறைகிறது. எலும்பின் மேல் விழும் பாரத்தில் பெரும் பங்கு உடல் எடையிலிருந்து வருவதில்லை, தசை இழுப்பிலிருந்து வருகிறது. சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு விசை விழுவது அதனால்தான்.

தொடை எலும்பின் கழுத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். நடக்கும்போது அதன் கீழ்ப்பக்கம்தான் அழுத்தப்படுகிறது. மேல்பக்கம் நடையில் பெரிய பாரம் பார்ப்பதில்லை. ஆகவே வயது ஏற ஏறக் கீழ்ச்சுவர் ஓரளவு தடிமனாகவே நிற்க, மேல்சுவர் தாள் மாதிரி மெலிந்து போகிறது. பக்கவாட்டில் விழும்போது நிலைமை தலைகீழ்: நசுங்குவது அந்த மெலிந்த மேல்சுவர். நடப்பது மட்டும் இடுப்பு முறிவைத் தடுக்கப் போதாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்புப்புரை இருப்பவர் பளு தூக்கலாமா?

முறையாகச் சொல்லித் தருபவர் பக்கத்தில் இருந்தால், தூக்கலாம். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம், எட்டு மாதம். தங்களால் ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய எடையில் 85 சதவீதத்துக்கு மேல், ஐந்து ஐந்தாக ஐந்து சுற்று. கூடவே பலமாகக் கால் ஊன்றி இறங்கும் குதிப்பு. அவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே கனமாகத் தூக்கக் கூடாது. அவர்களுக்கு முதலில் அசைவைக் கற்றுக் கொடுத்து, மெல்ல மெல்ல எடை ஏற்றினார்கள். ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கியவர்கள் குனிந்து தூக்குவது ஆபத்து. நீச்சலும் சைக்கிளும் உடம்புக்கு நல்லவை, ஆனால் எலும்புக்கு அவை பெரிதாக உதவுவதில்லை.

விண்வெளி வீரர்களுக்கு என்ன ஆகிறது?

இடுப்பு எலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீத அடர்த்தி போகிறது. கைகளில் அப்படி இல்லை. 2008-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பெரிய எதிர்ப்பு விசை தரும் பளுப் பயிற்சிக் கருவி போன பிறகு, அதைப் பயன்படுத்தி நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு இழப்பு வெகுவாகக் குறைந்தது.

எலும்பு முறிந்தால் அசையவே கூடாதா?

பெரிய அசைவு கூடாது. அசைவே இல்லாமலும் கூடாது. முறிவின் இடைவெளியில் சிறிய அசைவு இருந்தால் குருத்தெலும்புப் பாலம் உருவாகி, அது எலும்பாக மாறும். அசைவு அதிகமானால் நார்த்திசு மட்டும் வந்து முறிவு சேராமல் நிற்கும். சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரவ் என்ற அறுவை மருத்துவர் இந்த இயல்பை எலும்பை நீட்டவே பயன்படுத்தினார்: எலும்பை வெட்டி, சில நாள் காத்திருந்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் கால் கால் மில்லிமீட்டராக நான்கு தடவை இழுத்தால், இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. இடுப்பு மாற்று அறுவையில் பொருத்தும் உலோகத் தண்டு பாரத்தைத் தானே வாங்கிக்கொண்டால், அதைச் சுற்றியுள்ள எலும்பு வேலை இல்லாமல் மெலியும்.

மாத்திரை, ஊசியால் விசையின் வேலையைச் செய்ய முடியாதா?

ஓரளவு முடிகிறது. மேலே சொன்ன ஸ்கிளெரோஸ்டினைப் பிடித்து முடக்கும் ரோமோசோசுமாப் ஊசிக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முறிவு அபாயம் மிக அதிகமுள்ளவர்களுக்கு 12 மாதங்கள் கொடுக்கிறார்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஊசி நிற்கும்போது எலும்பு அரிப்பைத் தடுக்கும் வேறு மருந்தைத் தொடர வேண்டும், இல்லையென்றால் சேர்ந்தது கரையும். மருந்து எல்லா எலும்பிலும் ஒரே நேரத்தில் பிரேக்கைத் தளர்த்துகிறது; விசை, அது விழும் இடத்தில் மட்டும். ஆகவே மருந்து எடுப்பவர்களும் மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குப் பயிற்சியைத் தொடர்வதுதான் சரி.